தலைவர் குலசேகரமும் லா சப்பல் பனைகளும்

2010ஆம் ஆண்டில் குலசேகரத்துக்கு வயது ஐம்பத்தொன்று. பாரிசின் லா சப்பலில் மரக்கறிக்கடை, புறநகரான பொபினியில் சொந்த வீடு, பூரணி என்றொரு மனைவி, லக்சிகா என்றொரு மகள். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். அவர் எதற்கும் தலைவராக இல்லை.

முயலாமல் இருக்கவில்லை. கோயிலுக்கு ஏற்கெனவே தலைவர் இருந்தார். பழைய மாணவர் சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள் இருந்தார்கள், வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஊர்ச் சங்கம், தமிழ்ப் பள்ளிக்கூடம், உதைபந்துக் கழகம் எல்லாவற்றிலும் கதிரைகள் நிரம்பியிருந்தன, இருந்தவர்களுக்கு எழும்புகிற நோக்கமும் இல்லை. அந்த நேரத்தில்தான் சூரிச்சில் பத்துப் பேர் கூடி ஐரோப்பியத் தமிழர் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பாரிசுக்கு ஓர் அணி வேண்டும், அணியை நடத்த ஒருவர் வேண்டும் என்று தொலைபேசி வந்தது. குலசேகரம் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு ஓம் என்றார்.

தனக்கு அந்த விளையாட்டு நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். 1978இல் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியின் நடுத்தூணே தான்தான் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். அவர் ஐந்தடி ஐந்தங்குலம். முருங்கைக்காய் வாங்க வந்த சனம் அதைப் பெரிதாக விசாரிக்கவில்லை.

அணிக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டங்கள் நடந்தன. புலி என்றார் ஒருவர். பாதிப் பேருக்கு அகதி வழக்கு நடக்கிறது, கோப்பில் ஏறிவிடும் என்று மற்றவர்கள் மறித்தார்கள். சிங்கம் என்று இன்னொருவர் வாய்தவறிச் சொன்னார். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. யானை கொழும்பில் ஒரு கட்சியின் சின்னம். காளையை ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து அணி எடுத்துவிட்டது. கடைசியில் உயரமானது, யாரையும் கடிக்காது என்ற காரணங்களுக்காகப் பனை என்று முடிவானது. லா சப்பல் பனைகள்.

தொழில்முறை என்ற சொல்தான் கூட்டமைப்பின் பெருமை. உதைபந்துக்காரர் பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்கள், நாங்கள் அப்படியில்லை என்று காட்டுவதற்காக ஒவ்வொரு வீரருக்கும் ஊதியம் உண்டு என்று யாப்பு விதிகளில் எழுதியிருந்தார்கள். ஊதியம் என்பது ஆட்டம் முடிந்தபின் ஒரு கொத்துரொட்டிப் பொதி. மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கப் போனபோது இந்தச் சொல் இடறியது. மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட ஜெர்மேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, தொழில்முறை அணி என்றால் வீரர்களின் வேலை ஒப்பந்தங்கள் எங்கே என்று கேட்டார். குலசேகரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அணி தமிழில்தான் தொழில்முறை, பிரெஞ்சில் பொழுதுபோக்கு என்று விளக்கினார். ஜெர்மேன் அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

முதல் இரண்டு பருவங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டங்கள் எல்லாம் பாரிசிலேயே நடந்தன. தோற்றார்கள். மூன்றாவது பருவம், 2012 இலையுதிர் காலத்தில் தொடங்கியதுதான், குலசேகரத்தின் வாழ்க்கையில் முக்கியமானது.

அந்த வருடம் அவர் கரிகாலனைக் கண்டுபிடித்தார். வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரெஞ்சு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். கடைக்குள் நுழைந்தபோது தொங்கிய வாழைக்குலையில் அவனுடைய நெற்றி இடித்தது. குலசேகரம் நிமிர்ந்து பார்த்தார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். ஆறடி மூன்றங்குலம். கூடைப்பந்து விளையாடியிருக்கிறானா என்று கேட்டதற்கு அவன், பந்தையே கையால் தொட்டதில்லை என்றான். அதையெல்லாம் பழக்கலாம், உயரத்தைத்தான் பழக்க முடியாது என்று சொல்லி அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பழக்குவதற்கு ஆள் இருந்தது, அவருடைய வீட்டிலேயே. லக்சிகாவுக்குப் பத்தொன்பது வயது. பொபினியில் ஒரு பெண்கள் கழகத்தில் ஒன்பது வயதிலிருந்து விளையாடுகிறாள். அப்பாவின் அணி விளையாடுவதை ஒருமுறை பார்த்துவிட்டு, இவர்களுக்குப் பந்தோடு எத்தனை அடி நடக்கலாம் என்பதுகூடத் தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னாள். தானே பழக்கவா என்றும் கேட்டாள். பெடியங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை பழக்கினால் மற்ற நாட்டுத் தலைவர்கள் சிரிப்பார்கள் என்று குலசேகரம் மறுத்துவிட்டார். மற்ற நாட்டுத் தலைவர்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பருவத்தின் முதல் ஆட்டம் சொந்த மண்டபத்தில், ரொட்டர்டாம் அணியுடன். மண்டபம் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. இரண்டரைக்கு மங்கல விளக்கேற்றினார்கள். அதன்பின் அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை. பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவர் அதைக் கழற்றிக் குலசேகரத்துக்குப் போர்த்தினார். குலசேகரம் திரும்பவும் அவருக்குப் போர்த்தினார். வீரர்கள் அரைக்காற்சட்டையோடு குளிரில் வரிசையாக நின்றார்கள். நாலே காலுக்குத்தான் பந்து மேலே போனது. இரண்டு கால்பகுதி முடிய ஜெர்மேன் திறப்புக்கோர்வையோடு வந்து நின்றார். பதினொன்றுக்கு முப்பத்தெட்டு. பேருக்கு ஏற்ற மாதிரி ஒருத்தரும் அசைகிறார்களில்லை என்று ரொட்டர்டாம்காரர் சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்சப் பாதியும் நடந்திருந்தால் நிலைமையே வேறு என்று குலசேகரம் இரண்டு கிழமை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாவது ஆட்டம் சுவிசில், பேர்ண் நகரில். வாகனம் பிடித்து, பதாகை அடித்து, பூரணியைக் கொண்டு நாற்பது மீன்பணிஸ் செய்வித்த பிறகுதான் ஒரு விசயம் வெளியே வந்தது. அணியிலிருந்த பதினொரு பேரில் ஏழு பேருக்கு அகதி வழக்கு முடியவில்லை. கையில் இருந்தது தற்காலிகத் துண்டு. அதோடு பிரான்சின் எல்லையைத் தாண்ட முடியாது. கரிகாலனும் அந்த ஏழில் ஒருவன். ஐரோப்பா முழுக்க விளையாடுகிற கூட்டமைப்பு ஒன்றில், எல்லை தாண்ட முடியாத அணி ஒன்றை மூன்று வருடமாகக் கட்டி வளர்த்திருக்கிறார் என்பது குலசேகரத்துக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் விளங்கியது.

நாலு பேர் மிஞ்சினார்கள். ஆட்டத்தைத் தொடங்க ஐந்து பேர் வேண்டும். நாலு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, நம்பிக்கையோடுதான் பார்த்தார்கள். 1978ஆம் ஆண்டின் நடுத்தூணாயிற்றே.

ஐம்பத்துமூன்று வயதில் குலசேகரம் அணியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பேர்ண் மண்டபத்துக்குள் இறங்கினார். பேர்ண் அணியின் தலைவர் இளையதம்பி என்பவர். அவரைக் கண்டதும் குலசேகரத்தின் முகம் ஒரு மாதிரிப் போனதை மற்றவர்கள் கவனித்தார்கள். பயணக் களைப்பு என்று நினைத்தார்கள். இளையதம்பி ஒலிவாங்கியை எடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பழைய சிநேகிதனைக் கண்ட சந்தோசத்தில், சபைக்கு அவரை அறிமுகம் செய்யத்தான் எடுத்தார்.

“இவரும் நானும் ஒரே பள்ளிக்கூடம். எங்கடை ரீமுக்குப் பந்துக்குக் காத்தடிச்சது இவர்தான். மூண்டு வருசம். இவர் அடிச்ச காத்து ஒருநாளும் இறங்கினதில்லை.”

சபை கைதட்டியது. அவர் பாராட்டாகத்தான் சொன்னார், சபையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அதுதான் குலசேகரத்துக்குத் தாங்க முடியாமல் போனது. கேலி செய்திருந்தால் பொறாமை என்று சொல்லியிருக்கலாம்.

அன்று நாற்பது நிமிடமும் அவர் மைதானத்தில் நின்றார். பந்து மூன்று முறை அவரிடம் வந்தது. இரண்டு முறை கைக்கு வந்தது, ஒரு முறை முகத்துக்கு. பதினான்குக்கு எண்பத்தாறு. திரும்பி வருகிற வழியில் ஒரு நிறுத்தத்தில் யாரோ மீன்பணிஸ் நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் மீன்பணிஸ் வேண்டாம் என்று சொன்னதை அதுவரை யாரும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் மண்டபத்துப் பக்கம் போகவில்லை. தடிமன் என்றார், இடுப்பு என்றார். கடையில் கூடைப்பந்துப் பேச்சு வந்தால் வெண்டிக்காயை எண்ணுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். இரண்டாவது கிழமை பூரணி, காத்தடிக்கிறதும் ஒரு வேலைதானே, இதற்கேன் இப்படி என்று கேட்டார். குலசேகரம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பயிற்சி நாட்களுக்காக ஜெர்மேன் கொடுத்த மண்டபத் திறப்பு வீட்டில் கிடந்தது. லக்சிகா எடுத்துக்கொண்டு போனாள். அவளை யாரும் நியமிக்கவில்லை. தடுக்கவேண்டியவர் இடுப்பில் சூட்டுத்தண்ணிப் பையோடு படுத்திருந்தார்.

அவளுடைய தமிழ் குறைவு. அதனால் விளக்கவுரை இல்லாமல் வேலை நடந்தது. ஓடு என்றால் ஓடவேண்டும், நில் என்றால் நிற்கவேண்டும். கரிகாலனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தெரியவில்லை, அதை அவள் பழக்கவும் போகவில்லை. கூடைக்குக் கீழே போய் நிற்கச் சொன்னாள். பந்து கிடைத்தால் கீழே இறக்கக் கூடாது என்றாள்.

“கை மேலை. எப்பவும் மேலை. கீழை விடாதைங்கோ அண்ணை.”

கரிகாலன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்று பார்த்தான்.

“இது எனக்குப் பழக்கம்தான் தங்கச்சி,” என்றான். “வட்டுவாகலாலை இப்பிடித்தான் நடந்து வந்தனான்.”

2009 மே மாதத்தில், போர் முடிந்த அந்தக் கடைசி நாட்களில், கையை உயர்த்திக்கொண்டு இராணுவத்திடம் வந்தவர்களில் அவனும் ஒருவன். மற்றப் பெடியன்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பாரிசில் பிறந்த லக்சிகாவுக்கு அந்த இடத்தின் பெயர் விளங்கவில்லை. நல்லது, அப்படியே நில்லுங்கோ என்று சொல்லிப் பந்தை எறிந்தாள். அவன் பிடித்தான். கூடைக்குள் போட்டான்.

குளிர்காலம் போனது. டோர்ட்மண்டிடம் ஆறு புள்ளியால்தான் தோற்றார்கள். லண்டன் அணிக்குப் பிரான்ஸ் விசா கிடைக்காததால் பனைகளுக்குக் கூட்டமைப்பு வரலாற்றில் முதல் வெற்றி பதிவானது. எல்லை தாண்டவேண்டிய மற்ற மூன்று ஆட்டங்களையும் விட்டுக்கொடுத்தார்கள். ஏப்ரலில் கடைசி ஆட்டத்துக்குப் பேர்ண் அணி பாரிசுக்கு வந்தது.

அன்று காலை குலசேகரம் கடைக்குப் போக வெளிக்கிட்டார். பூரணி வாசலில் மறித்தார்.

“நீங்கள் போகாட்டில்தான் வெல்லுவாங்கள் எண்டு சனம் கதைக்குது. அதுக்காகவாவது போங்கோ.”

குலசேகரம் மூன்றாவது கால்பகுதியில் மண்டபத்துக்குள் வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். யாரும் எழும்பி இடம் கொடுக்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்று வீரர்கள் இருக்கும் வாங்கின் நுனியில் போய் இருந்தார். கரிகாலன் கூடைக்குக் கீழே நின்று கையை உயர்த்தியபடியே இருந்தான். பந்து வந்தது, போட்டான், வந்தது, போட்டான். பேர்ண்காரர் மூன்று பேராகச் சேர்ந்து அவனை மறித்தபோது மற்ற நாலு பேருக்கும் வழி கிடைத்தது. ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தெட்டு. பனைகள் மைதானத்தில் வென்ற முதல் ஆட்டம் அது.

பெடியன்கள் லக்சிகாவைச் சூழ்ந்து நின்று கத்தினார்கள். குலசேகரத்துக்குக் கண் கலங்கியது. அதில் பொய் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் செய்த அடுத்த காரியம் ஒலிவாங்கியைத் தேடியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கனவோடு இந்த அணியை, என்று தொடங்கியபோது ஐந்து மணி. ஜெர்மேன் மின்விளக்குகளை அணைத்தார்.

பருவ முடிவில் சிறப்பு மலர் ஒன்று வெளியிட்டார்கள். அறுபத்துநான்கு பக்கம். நாற்பத்தொரு பக்கம் கடை விளம்பரம், பன்னிரண்டு பக்கம் வாழ்த்துச் செய்தி. ஐந்து அணிகளில் நான்காம் இடம் பெற்ற வரலாற்றுச் சாதனையைத் தலைவர் தன் செய்தியில் விளக்கியிருந்தார். பந்தைப் பிடித்தபடி அவருடைய படம் முழுப்பக்கத்தில் வந்தது. வீரர்களின் படம் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில். அச்சில் மேலே வெட்டிவிட்டதால் கரிகாலனுக்குத் தலை இல்லை. லக்சிகாவுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது, சிற்றுண்டி வழங்கியவர்களுக்கு அடுத்ததாக.

அவள் அதைப் படிக்கவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாது. பூரணி வாசித்துக் காட்டினார். அவள் சிரித்துவிட்டு, அடுத்த பருவத்துக்கு வேறு ஆள் பாருங்கள் என்று அப்பாவிடம் பிரெஞ்சில் சொன்னாள். சென் தெனியில் பல்கலைக்கழகம், சனிக்கிழமைகளில் அதே மண்டபத்தில் சிறுமிகளுக்குப் பயிற்சி என்று தன் வழியில் போனாள். கரிகாலனுக்கு 2014இல் பத்து வருட வதிவிட கார்ட் கிடைத்தது. கிடைத்த கிழமையே பேர்ணுக்குப் போனான். அக்கா அங்கே இருந்தாள், ஆறு வருடமாகக் காணவில்லை. திரும்பி வந்து உணவகத்தில் சமையலுக்கு ஏறினான், பந்தைப் பிறகு தொடவில்லை.

கூட்டமைப்பு 2016இல் உடைந்தது. தொழில்முறை என்பதை நீக்கவேண்டும் என்று ஒரு பகுதி, கூடைப்பந்து என்பதைத்தான் நீக்கவேண்டும் என்று இன்னொரு பகுதி. இரண்டு பகுதிக்கும் தலைவர்கள் தயாராக இருந்தார்கள், அணிகள்தான் போதவில்லை. குலசேகரத்தை இரண்டு பகுதியும் கூப்பிடவில்லை.

அந்தக் கோடையில் ஜெர்மேன் தொலைபேசி எடுத்தார். களஞ்சிய அறையில் எட்டுப் பந்துகள் கிடக்கின்றன, கொண்டுபோக வேண்டும், அல்லது சனிக்கிழமை வருகிற சிறுமிகளுக்குக் கொடுப்பதானால் கையெழுத்து வேண்டும் என்றார். குலசேகரம் போனார். கொடுக்கலாம் என்றார். ஆனால் நன்கொடை தந்தவர் லா சப்பல் பனைகள் அணியின் நிறுவுனர் தலைவர் என்று சுவரில் ஒரு சின்னப் பலகை போடமுடியுமா என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றார் ஜெர்மேன்.

குலசேகரம் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். உண்மையிலேயே இடம் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கடைக்குத் திரும்பினார். அன்று விமானத்தில் வாழையிலை வருகிற நாள். ஆள் நின்று எடுக்காவிட்டால் கிழிந்த கட்டுகளை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள்.