எரிந்தது என்று சொன்னேன்

பொய்யாக அறிக்கை தயாரித்தேன். ஒரு மனிதரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று, தெரிந்தே செய்தேன். அவர் ஒழியவில்லை. வேறொருவர் செத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இல்லையென்றால் நடுவில் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்!

திருப்பதியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு வாயுவும் வரும். அதைப் பிடித்து விற்க வசதி இல்லாத இடத்தில், உயரமான குழாய் வழியாக விட்டுக் கொளுத்திவிடுவார்கள். செயற்கைக்கோள் இரவில் எடுக்கும் படத்தில் அந்த நெருப்பு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எந்த நிலையம் எவ்வளவு எரித்தது என்று அந்தப் புள்ளிகளை வைத்துக் கணித்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அளவுக்கு மீறி எரிப்பவனிடம் எண்ணெய் வாங்க மாட்டேன் என்பான் வாங்குகிறவன். திருச்சானூரில் அறை, ஷேர் ஆட்டோவில் ஆபீஸ், கம்ப்யூட்டர் திரையில் யாரோ ஒருவருடைய பாலைவனம்... இப்படித்தான் என் பிழைப்பு.

அந்தப் பாலைவனத்தில்தான் ராஜவேலு இருந்தார்.

எங்கள் ஊர் நகரி; அங்கே எங்கள் தெருக்காரர் அவர். பவர்லூம் கூலி கட்டுப்படியாகாமல் தெருவே கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில் என் நைனாவைக் கல்ஃபுக்கு அழைத்துப் போனவர். அங்கே ஒரு நிலையத்தில் அவர் சூப்பர்வைசர், நைனா கூலியாள். குழாயடியில் கிடந்த இரும்பை எடுத்துவா என்று அனுப்பியவர் அவர்தான். நைனா போனார். காற்று திரும்பியது. நெருப்பு கீழே சாய்ந்தது. இரண்டு கைகளும் வெந்துபோயின.

கம்பெனிக்காரர்கள் விசாரித்தபோது ராஜவேலு என்ன சொன்னார் தெரியுமா? “போகாதன்னு சொன்னேன். கேக்கல.” அவ்வளவுதான்! தப்பு நைனாவுடையது என்று ஆகிவிட்டது. ஒன்றும் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடக்கூட வராது. அம்மா சோற்றைப் பிசைந்து, “இன்னொரு வாய் துன்னு” என்று ஊட்டுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார்.

அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ராஜவேலு லீவில் வந்து, செண்ட் மணக்க எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பேன். இருடா, உனக்கு ஒரு நாள் வைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்த நாள் வந்தது! புதிதாக எங்களுக்கு ஒதுக்கிய பகுதியில் அந்த நிலையமும் இருந்தது. ராஜவேலு இப்போது அங்கே மேனேஜர். படத்தில் அவருடைய நெருப்பு. அதை ஒட்டியே வேறொரு கம்பெனியின் நெருப்பு. எந்தப் புள்ளி எவருடையது என்று நிலையத்தைச் சுற்றிக் கோடு போடுவது என் வேலை. கோட்டை வெளியே இழுத்தேன். பக்கத்துக்காரனின் நெருப்பும் ராஜவேலுவின் தலையில் விழுந்தது. பக்கத்துக் கம்பெனி எங்கள் பொறுப்பில் இல்லை. ஆகவே அதை யாரும் தேடவில்லை.

டீம் லீடர் மட்டும் புருவத்தைத் தூக்கித் தெலுங்கில் கேட்டார். “இதி கரெக்டேனா?”

“கரெக்டே சார்.”

கூசினேனா? இல்லை. அன்று மத்தியானம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

அங்கே கிடுகிடுத்தது. எங்கள் தெரு தணிகாசலம் அதே நிலையத்தில் கூலி. அவர் மனைவி சரளாக்காவிடம் போனில் சொல்வதெல்லாம் அம்மா வழியாக என் காதுக்கு வரும். “ராஜவேலுவ மேலிடம் வறுத்தெடுக்குதாம்டா. நாங்க அவ்ளோ எரிக்கவே இல்லன்னு கத்திக்கினு இருக்காராம், யாரும் நம்பலியாம்!” ஆகா... எப்படி இனித்தது!

பிறகு, ஒரு படத்தில் அவருடைய புள்ளி காணாமல் போயிருந்தது. அடுத்த படத்திலும் இல்லை.

இங்கேதான் நான் பாவி. நெருப்பு தெரியவில்லை என்றால் வாயு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் அது. நெருப்பை அணைத்துவிட்டு வாயுவை அப்படியே வெளியே விட்டாலும் படம் இருட்டுதான். அது விஷ வாயு, காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். எல்லாம் எனக்குத் தெரியும்! ‘சந்தேகம்’ என்று ஒரு குறிப்புப் போட்டிருக்கலாம். கோட்டையாவது பழைய இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். செய்தேனா? பயந்துட்டான்டா என்று விசில் அடித்தேன். பக்கத்துக்காரனின் நெருப்பு இன்னும் அவர் பெயரிலேயே எரிந்துகொண்டிருந்தது. அதனால் தன்னுடையதை மறுபடி ஏற்ற அவர் துணியவில்லை.

குழாயடிக்குப் போன தணிகாசலம் அங்கேயே விழுந்து செத்தார்.

சீல் வைத்த பெட்டியில் வந்தார். திறக்கக் கூடாதாம். வாய்க்கரிசி போட முகம் இல்லை... சரளாக்கா மூடிய பலகைமேல் அரிசியைப் போட்டாள். அது உருண்டு கீழே கொட்டியது.

பெட்டியோடு ராஜவேலுவும் வந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நெருப்பு நல்லாத்தான் எரிஞ்சுக்கினு இருந்துச்சு. மாஸ்க் இல்லாம கிட்ட போகாதன்னு சொன்னேன். கேக்கல.”

அதே பேச்சு! நைனா வெடுக்கென்று தலையை நிமிர்த்தினார்.

“இல்லண்ணா,” என்றாள் சரளாக்கா. “நெருப்ப அணைச்சு வச்சிட்டாங்க, முட்ட அழுவுனாப்ல நாத்தம் வருதுன்னு எங்கிட்ட போன்ல சொன்னாரே!”

நைனா என் பக்கம் திரும்பினார். அந்தக் கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “டேய், மேலேர்ந்து பாக்கறவன் நீதானே? நீ சொல்லு. எரிஞ்சுதா, இல்லியா?”

தெருவே என்னைப் பார்த்தது. இத்தனை வருஷம் நான் ஏங்கியது இந்தக் கணத்துக்குத்தானே! ‘இல்லை நைனா, அணைந்திருந்தது’ என்று சொன்னால் போதும். ராஜவேலு தீர்ந்தார். தணிகாசலத்தின் மேல் தப்பில்லை என்று ஆகும். ஆனால் ஏன் அணைத்தார் என்று தோண்டுவார்களே... தோண்டினால் நான் இழுத்த கோடு வெளியே வருமே!

“எரிஞ்சுக்கினுதான் இருந்துச்சு, நைனா.”

ராஜவேலு திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் சொல்வது பொய் என்று நிச்சயமாக அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஏன் சொன்னேன் என்று அவருக்கும் தெரியாது. பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை முறித்துப் போட்டிருக்க வேண்டும்... நின்றுகொண்டிருந்தேன்.

கோட்டைப் பிறகு சரிசெய்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ராஜவேலு அழிய வேண்டும் என்ற வெறி இன்றும் எனக்குக் குறையவில்லை. என்னைப் போன்றவன் அதைச் சொல்லலாமா? சொல்கிறேன்! கம்பெனி சரளாக்காவுக்கு ஒன்றும் தரவில்லை. அவள் மறுபடி தறிக்குப் போகிறாள். “சொன்ன பேச்ச கேட்டிருந்தா இருந்திருப்பாரு” என்று செத்தவரைத் திட்டுகிறாள்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது நைனாவுக்கு நான்தான் ஊட்டினேன். பாதிச் சோற்றில் நிறுத்தினார்.

“ஏன்டா... எங்கிட்டயும் போகாதன்னு ராஜவேலு சொல்லித்தான் இருப்பானோ? எனக்குத்தான் காதுல வுழலியோ?”

அடுத்த கவளத்தை உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனேன். “துன்னு நைனா” என்றேன்.