மீன்காரம்மா சாக மறுத்த ஏழு டேக்குகள்

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. கொளுத்தும் வெயில். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்த காற்றில் மொட்டைமாடித் துணியெல்லாம் சாம்பல். திருவொற்றியூரில் என் வீட்டு மாடிக் கூடத்தில் பதினோரு பேர் பேய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நாள் என்று கெஞ்சியதால் வீட்டைக் கொடுத்திருந்தேன். நான்கு ஜன்னல்களையும் கறுப்புத் துணியால் மூடிவிட்டார்கள். பதினோரு பேருக்கும் கழிவறை ஒன்றுதான். தண்ணீர் போதுமா என்ற கவலையில் கீழே மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

வேலைக்காரியாக நடிக்க வந்தவர் எதிர்வீட்டு மீன்காரம்மா. பேயைக் கண்டு அலறி, விழுந்து, சாக வேண்டும். அவ்வளவுதான். அவரோ இடுப்பில் கைவைத்துப் பேயை விசாரித்தார்.

"யாரும்மா நீ? எந்தத் தெரு? உன்ன இந்தப் பக்கம் பாத்ததே இல்லியே?"

பேயாக நடித்த பெண் சிரித்துவிட்டாள். ஏழு டேக் இப்படியே போயிற்று.

"அம்மா, செத்துடுங்கம்மா, ப்ளீஸ்" என்றார் இயக்குநர்.

"இன்னாத்துக்கு? எல்லாப் படத்துலயும் எங்காளுங்கதான் மொதல்ல செத்துப் பூட்றாங்கோ. காலேஜ்ல என் பொண்ணு பேச்ச வெச்சே நக்கல் பண்றாங்கோ. அவ பாக்க நானும் அலறிகினு சாவணுமா? நா பேயா வரேன்."

"பேய் உங்க மாதிரி பேசினா தியேட்டர்ல சிரிப்பாங்கம்மா. பேய்னா ஒரு சோகம் வேணும்."

"எனக்கு இல்லாத சோகமா? குந்து, சொல்றேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த வாரம் செல்போனில் ஆறு பேய்ப் படம் பார்த்திருந்தேன். ஆறிலும் எங்கள் பகுதிப் பேச்சு பேசியவர்தான் முதல் சாவு. ஆறு பேய்களும் பங்களாவில் வாழ்ந்த சிவந்த நிறப் பெண்கள். இந்தக் கணக்கைச் சொன்னேன். பேய்ப் பெண்ணும், "சார், அக்காவே பண்ணட்டும். விக் அரிக்குது" என்று கழற்றிவிட்டாள்.

அப்படியானால் சாவது யார்?

"நைனா சாவட்டும்" என்று என்னைக் காட்டினார் மீன்காரம்மா. "பொஸ்தகம் மாரி பேசறவரு. இவுரு மாரி ஆளு எந்தப் படத்துல மொதல்ல செத்துருக்கு?"

இயக்குநர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரே டேக். யாராவது சிரித்தால், பேய் பழைய பெண்தான். மீன்காரம்மா மறுபேச்சில்லாமல் சாக வேண்டும்.

அவர் கீழே போய் வெள்ளைப் புடவை மாற்றி, விக்கை மாட்டி வந்தார். நான் நாற்காலியில் பேப்பர் படித்தேன். எனக்கு நடிக்க வராது. நான் சிரித்துவிட்டால் அவர் சாக வேண்டுமே என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த வசனம் பழிவாங்குவதைப் பற்றியது. அவர் அதை விட்டுவிட்டார். பின்னால் வந்து, என் காதருகே குனிந்து, மெல்லச் சொன்னார்.

"நைனா... கீழ்த் தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல... மோட்டாரு ஓடிகினே கீது..."

அலறி எழுந்தேன், நாற்காலியோடு விழுந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒலிப்பதிவு செய்தவர் ஹெட்போனைக் கழற்றி, "எங்க வூட்லயும் மோட்டாரப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

"ஓகே. இதுதான் பேய்" என்றார் இயக்குநர்.

கைதட்டல் அடங்கியதும் மீன்காரம்மா விக்கைக் கழற்றினார். "நெசமாத்தான் சொன்னேன் நைனா. பொடவ மாத்தறப்போ பாத்தேன்."

பதினேழு படிகளையும் இறங்கினேன். பாதியிலேயே கருகல் வாடை. மோட்டாரில் கருகிய காயிலை மாற்றிக் கட்ட ஆன செலவு, மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.