பாதித் தட்டு காய்

மே மாதம் தென்காசியில் டாக்டரம்மா என் மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "பார்டர்ல இருக்கீங்கம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் பார்டர் என்றால் கேரள எல்லையில் இருக்கும் புளியறை. அங்கே போனால் புரோட்டா தின்னலாம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு நான் பொருள் தேடியதில்லை. டாக்டர் சொன்னார்: மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை நோய் வராமலே தடுக்கலாம். தட்டில் பாதி காய், கால் பங்கு பயறோ மீனோ, மீதிக் கால்தான் சோறு. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

மனைவியின் அம்மாவுக்கு இந்த நோயில்தான் ஒரு கால் போனது. எனவே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா? நான்கு புத்தகம் வாங்கி அடிக்கோடு போட்டேன். வட்டமாகத் தட்டு வரைந்து, பங்கு பிரித்து, வண்ணம் தீட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். சந்தையிலிருந்து அவரையும் புடலையும் பை பையாகச் சுமந்து வந்தேன். நறுக்கியதும் வதக்கியதும் அவள்.

ஜூனில் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து விழுவார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவனின் பசியைச் சும்மா சொல்லக் கூடாது. மலையையே கரைத்துக் குடிப்பான். ஆளுக்கொரு கிலோ அல்வாவும் கொண்டுவருவார்கள். அவள் தொட்டுவிடக் கூடாதென்று அதை அன்றன்றே வந்தவர்களுக்கே பங்கு வைத்துவிடுவேன். அவ்வளவு காவல்.

ஆகஸ்டில் மறு பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கூடியிருந்தது. "அடுத்த தடவையும் இப்படின்னா மாத்திரைதான்" என்றார் டாக்டர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டோவிலேயே தொடங்கிவிட்டேன்.

"ஏட்டி, ஒளிச்சு வச்சு என்னத்தத் தின்ன? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் திங்கல."

"திங்காம ஆகாசத்துல இருந்தா வருது? படம் வரைஞ்சு ஒட்டிருக்கேன்லா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. காய் எங்க இருக்கு?"

"பை பையா வாங்கிப் போடுதேனே!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நேத்து சாப்பிடும்போது தட்டுல அவரைக்காய எத்தன தடவ வாங்குனிய?"

"ரெண்டு."

"மூணு. சுகருக்கு நல்லதுட்டி, நல்லதுட்டின்னு சொல்லிச் சொல்லி வாங்குனிய. அருவில குளிக்க வந்த ஒங்க தம்பி ரெண்டு தடவ. அப்புறம் புள்ளைய எல்லாரும். கடேசில நான் ஒக்காரும்போது சோறும் ரசமும்தான் கெடந்துச்சு. அதத்தான் தின்னேன். மிஞ்சுன சோத்தக் கீழயா கொட்ட முடியும்?"

"அக்கா சொல்லுததும் சரிதான அண்ணாச்சி" என்றார் ஆட்டோக்காரர். அவரை யாரும் கேட்கவில்லை.

கோபத்தை இறக்கிவைக்க ஆள் தேடினேன். தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று சொன்ன டாக்டர், அந்தத் தட்டை எத்தனை மணிக்கு, யார் யாருக்குப் பிறகு வைப்பாய் என்று அவளிடம் கேட்கவில்லை. என் நான்கு புத்தகங்களிலும் யாரோ ஒருவன் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து அளவாகச் சாப்பிடுகிறான். சமைத்தவள் எப்போது சாப்பிட்டாள் என்று ஒரு வரி இல்லை. தம்பியோ அருவிக்கும் அடுப்படிக்கும் நடுவில் பேருந்து மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். எல்லோரையும் திட்டி முடித்தபோது மிச்சமிருந்தது நான்தான். இந்த மூன்று மாதத்தில் நான் மூன்று கிலோ குறைந்திருந்தேன். அந்தப் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லியும் திரிந்தேன். அவளுடைய பத்தியத்தை நான் தின்று தீர்த்திருக்கிறேன்.

மறுநாள், "நீ மொதல்ல ஒக்காரு, நான் வெளம்புதேன்" என்றேன்.

"வந்தவங்க பசியோட நிக்கும்போது நான் எப்படித் திங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பந்தி நடந்தது. புடலங்காய்க் கூட்டு அன்று நன்றாக அமைந்திருந்தது. இரண்டாம் முறை கேட்டேன்.

"தீந்துட்டு."

"அந்தத் தூக்குவாளில என்ன?"

"அது எனக்கு. எறக்குன ஒடனே எடுத்து வச்சிட்டேன்."

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முந்தைய நாள் என்னையே திட்டிக்கொண்ட எனக்கு அந்த நொடியில் அவள் மேல்தான் கோபம் பொங்கியது. என் காசு, என் வீடு, நான் சுமந்துவந்த புடலங்காய் என்று என்னென்னவோ நாக்கு நுனி வரை வந்தன.

"மோர் ஊத்தட்டா?" என்றாள்.

"ஊத்து" என்றேன்.