பழைய லயன் அகற்றப்படும்

தொண்டையை வைத்துப் பிழைத்தவன் நான். முதலில் தபால் கந்தோர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்கு லயன் இணைத்துக் கொடுத்தேன். பிறகு எங்கள் சின்ன டவுனின் நகரசபை, வேனில் மைக்கைக் கட்டி, அறிவிப்புச் சொல்ல என்னை எடுத்துக்கொண்டது. கடைசியில் அதே சபையில் உறுப்பினராகவும் உட்கார்ந்தேன். ஓட்டுப் போட்டவர்கள் என் கொள்கையைப் பார்த்துப் போடவில்லை. கேட்டுப் பழகிய குரல், அவ்வளவுதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அறிவிப்பெல்லாம் சிங்களத்தில் டைப் அடித்து வரும். தமிழில் மாற்றிச் சொல்வது என் பொறுப்பு. நாய்க்கு லைசன்ஸ், தண்ணீர் வெட்டு என்று நாள் முழுக்கக் கத்த வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழை நாள். சந்தைக்குப் பின்னால் துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்களைக் கழற்றப்போவதாகத் தாள் வந்தது. அலுப்பில் இப்படிச் சொல்லிவிட்டேன்: "சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய லயன் வெள்ளிக்கிழமை அகற்றப்படும். அங்குள்ளவர்கள் ஒத்துழைப்புத் தரவும்." எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்த எனக்கு லயன் என்றால் கம்பி, குழாய். ஆனால் சந்தைக்குப் பின்னால் சபையின் துப்புரவுத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் இருந்தார்கள். அந்த வீடுகளையும் எல்லாரும் லயன், லயம் என்றுதான் சொல்வார்கள். கந்தப்பளையில் அப்படியொரு லயத்து அறையில் பிறந்த எனக்கு அது உறைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மறுநாள் மத்தியானம் செயலாளர் கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மைக்கைக்கூட எடுக்காமல் ஓடினேன். முதல் வீட்டில் ரோடு கூட்டுகிறவரும் அவர் மனைவியும் பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் இந்திய பாஸ்போர்ட் கைக்கு வந்தும், போகமாட்டேன் என்று இரண்டு வருஷமாக அடம்பிடித்தவர் அவர். அன்று காலைதான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்.

"தண்ணிக் கொழாயத்தாங்க சொன்னேன், வீட்ட இல்லீங்க. கடுதாசிய திருப்பி வாங்கிக்குவோம், வாங்க," என்றேன்.

"இந்தத் தடவ கொழாய்ங்க. அடுத்த தடவ?"

"அப்படியெல்லாம் ஒடைக்க மாட்டாங்க."

"நீங்க சொல்றீங்களா, சபை சொல்லுதா?"

அவர் மனைவி, "அண்ணன் சொல்றாங்கல்ல, இருந்துதான் பாப்பமே," என்றார். கணவர் கேட்கவில்லை. அடுத்த மாதம் இந்தியாவுக்குப் போக ஹட்டனில் ரயில் ஏறிவிட்டார்கள்.

உறுப்பினரான பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் அந்த லயன்களுக்குக் கூரைத் தகடு கேட்டேன். தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். களைத்துப் போய்விட்டேன். அப்படியிருக்கையில் ஒரு நாள் நீலகிரியிலிருந்து அந்த ரோடு கூட்டுகிறவரின் மனைவி யாரையோ கொண்டு எழுதிய கடிதம் சபை விலாசத்துக்கு வந்தது. "அவருக்கு மேலுக்கு சொகமில்லண்ணே. அவசரப்பட்டு வந்துட்டமோன்னு தெனம் பொலம்புறாரு. நம்ம லயத்த ஒடச்சிட்டாங்களா? ஒடச்சிருந்தா அவரு மனசு ஆறிரும்."

சபை ஜன்னலில் நின்றால் அந்த வீடு தெரியும். வேறொரு குடும்பம் வாசலில் துணி காயப்போட்டிருந்தது. பிறகு சபைத் தாள் ஒன்றை எடுத்து, நீங்கள் ரயில் ஏறிய அந்த மாதமே உடைத்துவிட்டார்கள் என்று எழுதி, உறுப்பினர் என்று கையெழுத்துப் போட்டேன்.