என் பெயரைத் தேடித் தந்த அந்தோனியார்

2006ஆம் ஆண்டு, பனி இன்னும் கரையாத நாட்களில், ஒஸ்லோவின் அம்மருட்டில் ஒரு வாடகை வீடு பார்த்தேன். சின்ன வீடு. ஒரு படுக்கையறை, குழந்தைக்குக் கட்டில் போட ஒரு மூலை. வீட்டுக்காரி எல்சா என்ற நோர்வேஜியப் பெண். வீட்டைக் காட்டியபோது சிரித்துப் பேசியவர், அடுத்த வாரம் தொலைபேசியில் வேறு குரலில் பேசினார். “உங்கள் கடன் பதிவைப் பார்த்தேன். உங்கள் பெயரில் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. இப்படி இருந்தால் நான் வீட்டைத் தர முடியாது.”

நான் வாழ்க்கையில் நீதிமன்றப் படி ஏறியவன் அல்ல. இரண்டு தீர்ப்பு எங்கிருந்து வந்தது?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் மரியதாஸ். மன்னார்த் தீவில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பம்பாய், மாஸ்கோ, போலந்து என்று அலைந்து நோர்வேக்கு வந்தேன். இங்கேயும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒஸ்லோவில் கோப்பை கழுவினேன். வடக்கே மீன் ஆலையில் நின்றேன். பேர்கனில் கப்பல் துடைத்தேன். சமாதான காலத்தில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்தேன். பிறகு மகள் பிறந்தாள். அவர்களை இங்கே கூப்பிட வேண்டும் என்றுதான் ஒஸ்லோவுக்குத் திரும்பி, ரொம்சோஸில் அருளப்பு அண்ணையின் வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டு வேலை செய்தேன். வீட்டு ஒப்பந்தம் இல்லாமல் அவர்களுக்கு விசா இல்லை. அந்த வருடம் மன்னாரில் மறுபடியும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

மனைவி செல்வி தொலைபேசியில் கேட்பாள். “என்னப்பா, வீடு சரிவந்துதோ?”

“வரும் வரும். பிள்ளை என்ன செய்யுது?”

“சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழ ஓடுது. கூப்பிட்டாலும் வெளிய வருதில்லை.”

மறுநாள் வேலைக்கு லீவு எடுத்தேன்.

தீர்ப்புக் கொடுத்த அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். விஷயம் ஒரு பழைய அறையில் இருந்தது. நான் முதலில் ஒஸ்லோவில் இருந்தது கிழக்குப் பக்கத்தில் ஒரு நிலவறை. மின்சார ஒப்பந்தம் என் பெயரில். வடக்கே வேலை கிடைத்ததும் அறையை ஒரு தமிழ்ப் பொடியனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவன் இன்னொருவனிடம் கொடுத்தான். நம் ஆட்கள் அறையை அப்படித்தானே கைமாற்றுவோம். பூட்டுத் திறப்பைக் கொடுப்போம், பாத்திரங்களைக் கொடுப்போம், பெயரை அப்படியே விட்டுவிட்டுப் போவோம். தபால் பெட்டியிலும் என் பெயர், மின்சாரத்திலும் என் பெயர். கடைசி ஆள் இருந்த காலத்தில் கட்டப்படாமல் நின்ற கட்டணத்துக்கு மின்சார நிறுவனம் என்மேல் வழக்குப் போட்டிருந்தது. அழைப்பு அந்த நிலவறைக்கே போனது. நான் மீனுக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்தேன். வராதவனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், ஒன்றல்ல, இரண்டு.

“காசைக் கட்டிப்போட்டுப் பேசாமல் இரன்ரா,” என்றார் அருளப்பு அண்ணை. கட்டியிருந்தால் என் பெயர் பதிவிலிருந்து போயிருக்கும். ஆனால் வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்து தொகை வளர்ந்திருந்தது. கட்டினால் வீட்டு முற்பணமும் விமானச் சீட்டுக் காசும் போய்விடும். கட்டாவிட்டால் வீடு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சுவர்தான்.

அலுவலகத்தில் இருந்த பெண் ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் நான் வடக்கே முகவரி பதிவு செய்து வாழ்ந்ததைக் காட்டினால் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் என் பெயரில் இருப்பதால், மின்சாரத்தைப் பாவித்தது தான்தான் என்று அங்கே இருந்த ஆள் வந்து சொன்னால்தான் நிறுவனம் என்னை விடும்.

ஆளைத் தேடினேன். நான் அறை கொடுத்தவன் பேர்கனில் அகப்பட்டான். அவன் கொடுத்தவன் லண்டனுக்குப் போயிருந்தான். லண்டன்காரன், “யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருத்தன், பேர் ஞாபகமில்லை,” என்றான். அதோடு சங்கிலி அறுந்தது.

எல்சாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுதும் நம்பவில்லை. ஆனாலும் ஜூன் முடியும்வரை வீட்டை வைத்திருப்பதாகச் சொன்னார்.

நான் பெரிய ஜெபக்காரன் அல்ல. ஊரில் பூசைக்குப் போனதும் பெருநாள் சோற்றுக்காகத்தான். ஆனால் காணாமல் போனதைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்று என் அம்மா நம்பினார். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து கோயிலுக்குப் போய் அவர் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. “அந்தோனியாரே, என்ர பேரைத் துலைச்சுப்போட்டன். எடுத்துத் தாரும்.” அவ்வளவுதான் சொன்னேன். அழுதேன். மறுநாள் வேலைக்குப் போனேன். எதுவும் நடக்கவில்லை. அடுத்த செவ்வாயும் போனேன்.

ஜூன் மாதம் அந்தோனியார் பெருநாள் வந்தது. உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு நம் கோயிலில் சைவ ஆட்களும் நிறைந்திருப்பார்கள். பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்சும் தேநீரும் கொடுத்தார்கள். அருளப்பு அண்ணை வழக்கம்போல என்னைப் பகிடி பண்ணத் தொடங்கினார்.

“இவர் ஒரு காலத்தில நிலவறைக்கு ராசா. அரண்மனைக் கதவை முழங்காலால உதைச்சுத்தான் திறக்கவேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் ஒரு குரல் கேட்டது. “முதல்ல கைபிடியை மேல தூக்கவேணும் அண்ணை. சும்மா உதைச்சால் கால்தான் நோகும்.”

திரும்பினேன். நெற்றியில் திருநீறோடு ஒரு பொடியன், பக்கத்தில் வயிற்றில் பிள்ளையோடு மனைவி.

“தம்பி, அந்தக் கதவு உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ரண்டு குளிர்காலம் அதுக்குள்ள கிடந்தனான். மரியதாஸ் அறை எண்டு சொல்லுவினம்.”

“நான்தான் மரியதாஸ்.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அது ஆளின்ர பேரோ? நான் வீட்டுக்குப் பேர் எண்டெல்லோ நினைச்சனான்.”

அவன் பெயர் கணேசன். அறையில் கடைசியாக இருந்தவன். இப்போது பஸ் ஓட்டுகிறான். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. அவன் அறையை எடுத்தபோது, வாடகையோடு கரண்டும் சேர்ந்தது என்று லண்டன்காரன் சொல்லியிருக்கிறான். என் பெயருக்கு வந்த கடிதங்களைப் பிரிக்காமல் மீட்டர் பெட்டிக்கு மேல் அடுக்கி வைத்திருக்கிறான். மற்ற ஆளின் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்ற மரியாதையில்.

அவன் மனைவி மெதுவாகக் கேட்டாள். “இப்ப என்னப்பா செய்யப்போறியள்?”

அவன் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவனை யாரும் பிடித்திருக்க முடியாது.

“என்ன செய்யிறது? இருந்தது நான்தானே. கரண்டை எரிச்சதும் நான்தானே,” என்றான்.

அடுத்த கிழமை பஸ் சாரதிச் சீருடையோடேயே அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டான். நிறுவனம் என்மேல் இருந்த கோரிக்கையைக் கைவிட்டது. அவன் தன் பங்கைத் தவணையில் கட்ட ஒத்துக்கொண்டான். வெளியே வந்ததும் என் தோளில் தட்டினான். “பிள்ளை நல்லாப் பிறக்கவேணும் எண்டு நேர்த்தி வைச்சு மெழுகுதிரி கொளுத்த வந்தனான் அண்ணை. உங்கட அந்தோனியார் எனக்குக் கரண்ட் பில் தந்து விட்டிட்டார்.” நான் சிரித்தேன். பிறகு வீதியிலேயே அழுதுவிட்டேன்.

தீர்ப்புகள் இரண்டும் நீக்கப்பட்டன. ஜூன் முடியுமுன் எல்சா திறப்பைக் கையில் தந்தார். இலை உதிரும் காலத்தில் செல்வியும் மகளும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். கணேசனுக்கு மகன் பிறந்தான், சுகமாக.

தீர்ப்பை நீக்கியது சட்டம். உண்மையைச் சொன்னது கணேசன். அவனை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இப்போது நான் அலைவதில்லை. அம்மருட்டில் எங்கள் தபால் பெட்டியில் மூன்று பெயர் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான் கோயிலில் நிற்பேன். அறை மாறிப் போகிற பொடியன்கள் யாராவது இதைப் படித்தால், போகும்போது பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கனவே எங்கேயாவது தொலைத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட வேண்டாம். வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. தொலைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

முதல் நாள் மகள் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தாள். நானும் பக்கத்தில் தரையில் படுத்தேன். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. அவளாகவே வெளியே வந்தாள்.