ஊர்க்கல்லுக்கு வெளியே என் பூட்ஸ்

பூட்ஸ் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் சுகாதார நிலையத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கால் காய்ந்திருந்தது, என் கால் அழுகிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் நர்ஸ். பஸ் போகிற ஊர் கொஞ்சம், நடந்து போகிற ஊர்தான் அதிகம். மழைக்காலத்தில் ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடையும் சேறுமாக நடப்பேன். செருப்பைப் பாதி வழியில் சேறு வாங்கி வைத்துக்கொள்ளும். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னொரு மழைக்காலத்தை இந்தக் கால் தாங்காது, கீழே மாற்றலுக்குச் சொல்கிறேன், போய்விடு என்றார். நல்ல மனுஷர், நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வந்ததே கோபம்!

காரணம் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒருத்தி மாசமாக இருந்தாள். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் மழைக்காலம். ஆள் வந்து சொல்லி, நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவையும் ஐப்பசிதான். வயிற்றைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்துருவ இல்ல, நர்ஸம்மா?" என்றாள். வந்துடுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? போவதற்குக் கால் வேண்டுமே.

ஒடுகத்தூரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். டயர் செருப்பு இருந்தது, பள்ளிக்கூட ஷூ இருந்தது. பூட்ஸ் இல்லை. பெண்களுக்கு பூட்ஸ் என்ற பேச்சே அப்போது கிடையாது. ஆம்பளை பூட்ஸ்தான் கதி என்று தெரிந்ததும் வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். ஊர் வருவதற்கு முன்பே தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அன்றைக்கு அது கல்யாண வீட்டு பிரியாணி வாசனை மாதிரி இருந்தது. அவ்வளவு குஷி.

கடைக்கார பாய் நிமிர்ந்து பார்த்து, "யாருக்குமா? வூட்டுக்காரருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அளவு என்ன என்று கேட்டார். என் கால் அளவுதான் என்றேன். குனிந்து என் காலைப் பார்த்தார், விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அப்ப நீங்களே போட்டுப் பாத்துடுங்கம்மா. அவருக்குச் சரியா இருக்கும்."

முகத்தில் சிரிப்பே இல்லை. தாடிக்குள் இருந்திருக்கும்.

முதலில் முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் காட்டினார். தண்ணீர் போகாதுதான். ஆனால் நடந்தால் குதிகால் தூக்கித் தூக்கி அடித்தது, உள்ளே அஞ்சு நிமிஷத்தில் வேர்த்துவிட்டது. புண் வெந்தே போகும், வேண்டாம் என்றேன். அடுத்தது பளபளவென்று கறுப்பு. பார்த்ததும் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. பாய்தான் தடுத்தார். லேஸுக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு தோல் இருக்கும் இல்லையா, அது இரண்டு பக்கமும் தைக்காமல் தொங்கினால் அந்த வழியாகத் தண்ணீர் நேரே உள்ளே வந்துவிடும் என்றார். நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்த பழுப்பு நிற பூட்ஸ் ஒன்றை எடுத்தார். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம். அடியில் ஆழமான வெட்டுகள்.

பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, நம்புவது எப்படி என்று கேட்டேன். பாய் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அதற்குள் ஊற்றி, பழைய பேப்பர் மேல் வைத்தார். டீ வந்தது, குடித்தோம். பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "உள்ள இருக்கறது வெளிய வரல. அப்ப வெளிய இருக்கறது எப்பிடிம்மா உள்ள போவும்?" என்றார்.

அதே மாதிரி இன்னொரு ஜோடியை, தடிச்ச காலுறை போட்டு மாட்டிக்கொண்டேன். அடடா! விரல்கள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்தன. குதிகால் அசையவில்லை. வெள்ளைப் புடவையோடு தெருவில் இறங்கி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

மலைக்கு வந்ததும் விளக்கெண்ணெயில் மெழுகைக் கரைத்து, தையல் தையலாகத் தடவினேன். வேண்டுமென்றே தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து மிதித்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் 'போலீஸ் நர்ஸம்மா' என்று பெயர் வைத்தார்கள். புண் ஆறிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து அவள் புருஷன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். வலி எடுத்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஓடையில் கல் வைத்துத் தாண்டுகிற இடத்தில், கல்லுக்கு மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. லேஸை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டேன், புடவையைச் செருகினேன், திடுதிடுவென்று தாண்டிவிட்டேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை! பாதி வழியில் வாய்விட்டுச் சிரித்தேன். பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள், இந்த அம்மா சிரிக்கிறதே என்று அவன் திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை நேரத்துக்குப் போகிறோம், அதுதான் சிரிப்பு.

ஊர் எல்லையில் நட்டிருந்த ஊர்க்கல்லில் வந்து நின்றேன். அந்த ஊரில் அம்மன் ஊருக்கு நடுவில் இருக்கிறாள். அதனால் செருப்பு, தோல் எதுவும் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே போகாது. எனக்குத் தெரியாததா? எத்தனையோ தடவை செருப்பை அங்கே உதறிவிட்டுப் போயிருக்கிறேன். தண்ணீர் புகுமா, குதிகால் கடிக்குமா என்று எல்லாம் பார்த்து வாங்கினவள், சீக்கிரம் கழற்ற வருமா என்று மட்டும் பார்க்கவில்லை. நனைந்த நூல் லேஸ் ஊறிப் பருத்து, இரட்டை முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் உடைந்தது. பல்லால் கடிக்கலாமென்று குனிந்தால் வாய் எட்டவில்லை. அவள் கத்துவது அங்கேயே கேட்டது.

அப்படியே ஓடிவிடலாம் என்று ஒரு காலை எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். தோலோடு நான் உள்ளே போய், அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அதனால்தான் ஆயிற்று என்பார்கள். அப்புறம் எந்த வீட்டிலும் என்னைப் பிரசவத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

அவன் கல்லைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். "காலை நீட்டுங்க" என்று மண்டிபோட்டு, இடுப்பிலிருந்த கொடுவாளால் லேஸை மேலிருந்து கீழாக அறுத்தான். இழுத்துப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன்.

பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. தலை வெளியே வந்துவிட்டது, முகம் நீலம். விரலை விட்டுச் சுற்றை விலக்கி, பிள்ளையை எடுத்துக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அழுதது! பெண் குழந்தை, என்ன தொண்டை! அவள் அழுதாள், அவள் மாமியார் அழுதாள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயங்காலம் மாமியார் என்னோடு ஊர்க்கல் வரைக்கும் வந்தாள். பகலெல்லாம் மழை கொட்டியிருந்தது. என் பூட்ஸ் இரண்டும் விளிம்பு வரை தண்ணீரோடு நின்றன. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாய் சொன்னது சத்தியமான வார்த்தை. நான் அங்கேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை. பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பிள்ளையைப் பார்க்கப் போனேன். லேஸுக்குப் பதிலாகப் பாவாடை நாடா, ஒரே ஒரு சுருக்கு முடிச்சு, இழுத்தால் கையோடு வந்துவிடும். ஊர்க்கல்லுக்கு இந்தப் பக்கம் புதிதாக ஏதோ இருந்தது. மூன்று பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் புல் வேய்ந்திருந்தார்கள். உள்ளே காய்ந்த மணல். மாமியார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தோலு உள்ள வர்றதுக்கில்ல. அதுல பேச்சே இல்ல" என்றாள். "அதுக்காவ உன் பூட்ஸு இன்னாத்துக்கு மழையில நிக்கணும்? அதான் ஒரு வூடு கட்டிட்டோம்."

எனக்கு அப்போது வாடகை அறைதான். சொந்தமாக ஒரு கூரை கிடையாது.

மாதக் கடைசியில் டாக்டர் மறுபடியும் மாற்றல் பேச்சை எடுத்தார். "வூடு கட்டிக் குடுத்துட்டாங்க சார்" என்றேன். "எப்பிடி சார் வுட்டுட்டு வர்றது?"