கடைசிப் படகும் என் குதிரையும்

நெடுந்தீவுக்குக் கணினி வந்த புதிதில், அப்பா கற்பித்த பாடசாலைக்கு இணையப் பக்கம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் அந்த வித்தை தெரிந்தவன் நான்தான். தெரிந்தவன் என்றால், புத்தகத்தில் பாதி படித்தவன்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவர்களுக்காகப் படகு நேரங்களைப் போட்டேன். அழகுக்காக வலது ஓரத்தில் எங்கள் தீவின் காட்டுக் குதிரை ஒன்றையும் நிறுத்தினேன். பக்கத்தில் எது எங்கே நிற்கவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் சி.எஸ்.எஸ் மொழியில் ஒரு வழி உண்டு: இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று சொல்லிவிட்டால் படம் அந்த இடத்திலேயே நிற்கும். எழுத்துகள் எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. என் திரையில் குதிரை மரியாதையாக ஒதுங்கித்தான் நின்றது.

அப்பா யாழ்ப்பாணத்தில் பக்கத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, அச்சடித்த பிரதியோடு வந்தார். அந்தக் கணினியில் எழுத்துகள் பருத்து, வரிகள் நீண்டிருந்தன. “பின்னேரப் படகு ஐந்து மணிக்கு” என்பது தெரிந்தது. அதற்கு அடுத்த “ஞாயிறு இல்லை” என்பதன்மேல் குதிரை நின்றது.

திருத்துகிறேன் என்றேன். அம்மா தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தார்.

“வடிவாத்தானே நிக்குது. பேசாமல் விடடா.”

அம்மாவின் ஒரே அண்ணன் கனடாவில் இருந்தார். காணி எல்லை மதில் ஒன்றுக்காக அவரும் அப்பாவும் பேச்சை விட்டுப் பல வருடம். அடுத்த வாரம் அவர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிறு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவாராம், கை நனைக்கமாட்டாராம், ஐந்து மணிப் படகை இணையத்திலேயே பார்த்துவிட்டாராம். அம்மா “ஓம் அண்ணை, ஓம்” என்றார்.

ஞாயிறு காலையிலேயே அம்மா சேவலைப் பிடித்துக் கட்டினார்.

மாமா வந்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார், ஐந்து மணிக்கு இறங்குதுறைக்குப் போனார், பையோடு திரும்பி வந்தார்.

“எடேய், உன்ர குதிரை கடைசிப் படகைத் திண்டுட்டுதடா!”

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். சேவல் குழம்பு மணத்த குசினி வாசலில் நின்ற அப்பா வாய் திறந்தார்.

“அது படகைத் திண்டால் திண்டிட்டுப் போகட்டும். நீர் சோத்தைத் தின்னும், வாரும்.”

மாமா பையைக் கீழே வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் விடிய அப்பாவே அவரைத் துறைக்குக் கூட்டிப்போனார். நான் முதல் வேலையாகக் குதிரையை நகர்த்திவிட்டு, இனி யாரும் ஏமாறமாட்டார்கள் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“விடச் சொன்னனான் எல்லோ” என்றார் அம்மா. “உன்ர சின்னம்மாவும் தைமாதம் ஒரு ஞாயிறு வாறாள்.”

அம்மாவுக்குக் குதிரைகளில் இத்தனை பிரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.